ஒரு தெரு, ஒரு துணை, ஒரு நோட்டு: நெல்லைச் சீமையில் சந்திப்பு ஊழியம் தொடங்குகிறவர்களுக்கு

சுவிசேஷ ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) எத்தனை கட்டு வாங்கலாம் என்றுதான். அதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வீடுகளுக்குப் போய்ப் பார்த்து ஜெபிக்கும் சந்திப்பு ஊழியத்துக்கு இப்போதைக்கு வேண்டியது ஒரு தெரு, கூட வர ஓர் ஆள், எண்பது பக்க நோட்டு ஒன்று. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

மத்தேயு 9-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை வரிசை தவறாமல் படியுங்கள். இயேசு ஜனங்களைக் கண்டார், அவர்கள்மேல் மனதுருகினார், பிறகு சீஷர்களிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். அனுப்புவது அதற்கும் பிறகு, 10-ஆம் அதிகாரத்தில். நம் ஊர்களில் நடக்கும் பெரும்பாலான கோளாறு இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருவது. மைக் செட் முதலில் போகிறது, ஜெபம் பின்னால் ஓடுகிறது, பார்ப்பது மட்டும் நடப்பதே இல்லை. இந்த வழிகாட்டி அந்த வசனங்களின் வரிசையிலேயே போகிறது.

தெருவைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தெருவாக இருக்கட்டும். இருபது வீடு போதும், முப்பதுக்கு மேல் வேண்டாம். இரவு பத்து மணிக்கு அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நீங்கள் போய் நிற்க முடிய வேண்டும். பஸ் ஏறிப் போகிற ஊரில் அது நடக்காது.

தேர்வுக்கு முன் உங்கள் சேகர (பல சபைகள் சேர்ந்த பகுதி) குருவானவரிடம் சொல்லிவிடுங்கள். உபதேசியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அனுமதிக்காக மட்டும் இல்லை. அந்தத் தெருவில் ஏற்கெனவே வேறு குழு போய்க்கொண்டிருக்கலாம், பழைய மனஸ்தாபம் ஏதாவது இருக்கலாம். அவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலூர் 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான ஊர். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் போன்ற இடங்களில் தெருவுக்குத் தெரு சபைக் குடும்பங்கள். அங்கே சுவிசேஷம் சொல்லப் போகிறவர்கள் பல வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காத சொந்தக்காரரைத்தான் பார்க்கப் போகிறார்கள். அது வேறு வகை வேலை, பொறுமை இரண்டு மடங்கு வேண்டும். உவரி, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்கள் 1542-இல் சவேரியார் வந்து இறங்குவதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற பரதவர் ஊர்கள். அங்கே போய் ஆள் சேர்ப்பது சுவிசேஷ ஊழியம் ஆகாது, வேலி தாண்டுவது.

பதினான்கு நாள் நடை

முதல் இரண்டு வாரம் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். நாளுக்கு இருபது நிமிஷம் அந்தத் தெருவில் நடந்துகொண்டே ஜெபியுங்கள். கண் திறந்திருக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். காலை ஆறு மணிக்கு ஒரு நாள், மாலை ஆறு மணிக்கு ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டால் இரண்டு வேளையிலும் அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று தெரியும்.

கோலம் போடாத வாசல் பெரும்பாலும் துக்க வீடு. பகலிலும் ஆண்பிள்ளை திண்ணையில் படுத்திருந்தால் வேலை இல்லை, இல்லையென்றால் உடம்புக்கு முடியவில்லை. வயதான ஆச்சி தனியாகத் தண்ணீர்க் குடம் தூக்கினால் பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். இவற்றைக் கண்டதும் நின்று உற்றுப் பார்க்கக் கூடாது, நடந்துகொண்டே அந்த வீட்டுக்காக ஒரு வரி ஜெபிக்க வேண்டும். இரண்டு வாரம் இப்படி நடந்தவருக்கு அந்தத் தெரு 'ஊழியக் களம்' என்று தோன்றாது, இன்னார் இன்னார் இருக்கிற இடமாகத் தோன்றும். மனதுருக்கம் வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, பார்த்துக்கொண்டே கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். தோளில் பை, கையில் நோட்டு என்று ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால் குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் என்று நினைத்துப் பாதிக் கதவு சாத்திவிடும். நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், திரும்பி வந்து எழுதினால் போதும்.

துணை

இரண்டு பேர்தான். லூக்கா 10:1-இல் ஆண்டவர் இரண்டிரண்டு பேராகவே அனுப்பினார், அதை மாற்ற நமக்குக் காரணம் எதுவும் இல்லை. ஐந்து பேர் போனால் ஜப்தி செய்ய வந்ததுபோல் இருக்கும், தெருவே எட்டிப் பார்க்கும். பெண்கள் இரண்டு பேர், அல்லது கணவன் மனைவி, இதுவே நல்ல சேர்மானம். ஆண்கள் இருவர் என்றால், பெண் தனியாக இருக்கிற வீட்டில் வாசலோடு பேசி முடித்துக்கொள்ள வேண்டும், உள்ளே போகக் கூடாது.

ஒருவர் பேசும்போது மற்றவர் மனதுக்குள் ஜெபிக்கிறார். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினால் வீட்டுக்காரருக்குப் பேச இடமே கிடைக்காது.

இந்த இருவருக்குப் பின்னால் வீட்டிலிருந்தே ஜெபிக்கிற நாலைந்து பேர் இருக்க வேண்டும். 1903-இல் வெள்ளாளன்விளைக்காரரான அசரியா உள்ளிட்டவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். போன ஆட்கள் சிலர், இங்கே ஜெபித்துக் காணிக்கை கொடுத்தவர்கள் பல சபைகள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் போட்டு மிஷனெரிக்கென்று கொடுக்கும் பெண்களும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான். உங்கள் தெரு சின்னது, ஆனால் ஏற்பாடு அதேதான். நடக்க முடியாத மூத்த தாய்மார்களைக் கேளுங்கள், அவர்களைப் போல நேரம் தவறாமல் ஜெபிக்கிறவர்கள் யாரும் இல்லை.

எப்போது போவது

நேரம் தெரியாமல் போய்க் கதவு திறக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம்.

பீடி சுற்றும் தெருக்களில், சுற்றிய பீடியைக் கடையில் கொண்டு கொடுக்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு மணி நேரம் போகவே கூடாது. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். முற்பகலில் போனால் மடியில் தட்டோடு சுற்றிக்கொண்டே பேசுவார்கள். கை ஓடட்டும், நிறுத்தச் சொல்லாதீர்கள். தாமிரபரணிக் கரை வயல் ஊர்களில் கார், பிசானப் பருவ நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். தேரிக்காட்டுப் பக்கம் பதநீர் இறங்கும் மாதங்களில் காலையில் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு எரியும், அந்த நேரமும் ஆகாது. கடன் குழு கூடும் நாள் எது என்று தெரிந்துகொண்டு அந்த நாளையும் விட்டுவிடுங்கள். பணம் புரட்டும் பதற்றத்தில் இருக்கிறவரிடம் என்ன பேச முடியும்?

ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடக்கும் வாரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கொடைக்குக் கால் நாட்டியதிலிருந்து பொருள்கள் எடுத்துக் கட்டும்வரை அது அவர்கள் விசேஷம். அந்த நாளில் கைப்பிரதியோடு நிற்பது வம்புக்கு நிற்பதாகத்தான் தெரியும், அப்படித் தெரிவதில் தப்பும் இல்லை.

வாசலில்

முதல் சந்திப்பு பத்து நிமிஷம். செருப்பை வெளியே விடுங்கள். அக்கா, மைனி, பெரியம்மை, ஆச்சி, அண்ணாச்சி, தாத்தா என்று வயதுக்கு ஏற்ற முறை சொல்லிக் கூப்பிடுங்கள். சபைக்கு வெளியே இருப்பவரிடம் 'ஸ்தோத்திரம்' சொன்னால் என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

"அக்கா, நல்லா இருக்கியளா? நாங்க பக்கத்துத் தெருவுல இருக்கோம். வீட்ல முடியாம இருக்குன்னு கேள்விப்பட்டோம், பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." இவ்வளவு போதும். சபைக்காரர்கள் என்பதை மறைக்க வேண்டாம். கேட்டால் சபைப் பெயரை உடனே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பேசிப் பின்னால் தெரிந்தால் முழுத் தெருவும் கைவிட்டுப் போகும்.

கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு. 'சொந்த ஊரு எது, அங்க எந்தத் தெரு, யாரு வகையறா' என்று நம் ஊரில் கேட்டால் சாதியைக் கேட்கிறோம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் பேச்சுக்குக் கேட்டிருக்கலாம், அவர் காதில் அப்படி விழாது. உங்களையே யாராவது அப்படிக் கேட்டால் கோபப்படாமல் வேறு பேச்சுக்குப் போங்கள். 'உங்க கோயில்லயும் சாதி பாக்கத்தானே செய்யுதாவ?' என்றும் கேட்பார்கள். இல்லை என்று சாதிக்காதீர்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது இயேசு சொன்னதற்கு விரோதம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்ற நினைப்பு உங்களுக்கு இல்லை என்பது அதில்தான் தெரியும்.

மீதி நேரம் அவர்கள் பேசட்டும். பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் அவர்களுடையது. 'எங்க வீட்லயும் இப்படித்தான்' என்று உங்கள் கதையை எடுக்காதீர்கள். மூட்டுவலிக்கு மருந்து சொல்லாதீர்கள். ஊர்க்கோடியில் இருக்கும் சுடலைமாடனைப் பற்றி, அவர்கள் கும்பிடும் எதைப் பற்றியும், இழிவாக ஒரு சொல் வரக் கூடாது. 'பேய்', 'பிசாசு' என்று யாராவது வாய்விட்டால் அத்தோடு அந்த வீடு முடிந்தது.

ஜெபிப்பது

கிளம்பும்போது ஒரே கேள்வி: "உங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமாக்கா?" வேண்டாம் என்றால் 'சரிக்கா, வீட்ல போய் நினைச்சுக்கிடுதோம்' என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுங்கள். வேண்டாம் என்றவரை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. மறுபடி போகலாம், கேட்காமல் திரும்பலாம்.

சரி என்றால் நிஜமாகவே ஒரு நிமிஷம்தான். நோயாளியின் தலையில் கை வைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சத்தம் வேண்டாம். 'தேவரீர்', 'கிருபாசனம்' என்றெல்லாம் போகாமல் அவர்கள் பேசுகிற தமிழிலேயே ஜெபியுங்கள்:

"ஆண்டவரே, இந்த அக்காவோட வலி உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கப் போறாங்க. பயத்தை எடுத்துப் போடுங்க. டாக்டருக்கு நல்ல யோசனை கொடுங்க. வீட்ல இருக்கிற பிள்ளைகளப் பாத்துக்கோங்க. இயேசுவின் நாமத்தில் கேக்கிறோம், ஆமென்."

அரை நிமிஷம்கூட ஆகாது. அவர்கள் சொன்னது மட்டுமே இதில் இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மருமகள் தனியாகச் சொன்ன விஷயத்தை, மாமியார் வந்து உட்கார்ந்த பிறகு சத்தமாக ஜெபித்துவிடுவார்கள். புருஷன் குடி, வட்டிக் கடன், பிள்ளையின் காதல், இதெல்லாம் வாய்விட்டு ஜெபிக்கிற காரியம் இல்லை. 'இவங்க மனசுல இருக்கிற பாரம் உங்களுக்குத் தெரியும்' என்றால் ஆண்டவருக்குப் புரியும்.

சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நாம் கேட்கிறோம், கொடுப்பது அவர். மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்வதும், 'விசுவாசம் குறைவு, அதான் குணமாகல' என்று சொல்வதும் மனதுருக்கத்துக்கு நேர் விரோதம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினவர் கால் விரலை இழக்க நேரிடும், மனநோய்க்கு மருந்தை நிறுத்தினவர் உயிரையே இழக்க நேரிடும். குணமான கதையை நோட்டீஸில் அச்சடித்து விளம்பரம் செய்வதும் வேண்டாம். மந்திரம் மாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது.

நோட்டு

வீட்டுக்கு வந்ததும், கை கழுவும் முன் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும். ஐந்து கட்டம்: தேதி, அவரை எப்படிக் கூப்பிடுகிறோம் ('மூன்றாம் வீட்டுப் பெரியம்மை' என்றால் போதும், முழுப் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டாம்), பாரம் என்ன, நாம் என்ன செய்வதாகச் சொன்னோம், அடுத்து எப்போது. எல்லாவற்றிலும் நான்காம் கட்டம்தான் முக்கியம். 'ரேஷன் கார்டு விஷயமா கேட்டுச் சொல்லுதேன்' என்று சொல்லிவிட்டு மறந்தவரின் ஜெபத்தை அந்த வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

நாளுக்கு மூன்று பெயருக்காக மட்டும் ஜெபியுங்கள். இருபது வீடும் ஒரு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். எல்லாரையும் எல்லா நாளும் என்று தொடங்குகிறவர்கள் பத்தாம் நாளில் 'அந்தத் தெருவிலுள்ள யாவரையும் ஆசீர்வதியும்' என்பதில் வந்து நிற்பார்கள்.

ஜெபக்குழுவில் சொல்லும்போது 'ஒரு தாயார், வயிற்று வலி' என்பதோடு நிறுத்துங்கள். படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நோயாளியோடு செல்ஃபி போடுகிறவரை அன்றைக்கே குழுவிலிருந்து நிறுத்திவிடலாம். ஊழியத்துக்கு நஷ்டம் வராது.

இயேசுவைப் பற்றிப் பேசுவது

அவர்களே கேட்கும் நாள் வரும். மூன்றாம் சந்திப்பிலும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அன்றைக்கு நான்கு ஆவிக்குரிய விதி, ஏழு படி என்றெல்லாம் ஆரம்பிக்காமல், அவர்கள் பாரத்துக்குப் பொருத்தமான ஒரு சம்பவத்தை மூன்று நிமிஷத்தில் கதையாகச் சொல்லுங்கள். நாள்பட்ட நோயில் காசெல்லாம் செலவழித்தவருக்கு மாற்கு 5:25-34. பிள்ளையை இழந்தவருக்கு லூக்கா 7:11-17, நாயீன் ஊர் விதவை. வீட்டைவிட்டுப் போன மகனைப் பற்றிப் பேசுகிறவருக்கு லூக்கா 15. ஊர் ஒதுக்கியவருக்கு யோவான் 4. இந்த நான்கையும் புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் விளக்கவுரை வேண்டாம், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

படிக்க ஏதாவது கேட்டால் முழு வேதாகமத்தைக் கொடுக்காதீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் மூடி வைத்துவிடுவார்கள். மாற்கு சுவிசேஷம் தனிப் புத்தகமாகக் கிடைக்கிறது. பதினாறு அதிகாரம், நாளைக்கு ஒன்று என்றால் பதினாறு நாள். கண் மங்கிய ஆச்சிக்குப் படித்துக் காட்ட யாரை ஏற்பாடு செய்வது என்பதையும் யோசியுங்கள். கைப்பிரதியைக் கேட்டவருக்கு மட்டும் கையில் கொடுங்கள். வாசல் இடுக்கில் செருகியது வடையோடு எண்ணெய் உறிஞ்சத்தான் போகும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் தாய் தகப்பன் தெரியாமல் எதுவும் பேசக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது.

உதவி செய்யும்போது

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நம் சீமையில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின, பல்லாயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள், சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பேச்சும் கூடவே எழுந்தது. இன்றும் நாம் அரிசிப் பையோடு தெருவில் நுழைந்தால் அந்தப் பேச்சுதான் முதலில் வரும். அதனால் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெபிக்கப் போகிறவர் கையில் பொருள் இருக்கக் கூடாது. பொருள் சபையின் வேறொருவர் மூலம், வேறொரு நாளில், கைப்பிரதி இல்லாமல் போகட்டும். ஜெபம் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கும் அதே அளவு போக வேண்டும். ரொக்கம் கொடுக்காதீர்கள், மருந்துக் கடையிலோ பள்ளியிலோ நேராகக் கட்டிவிடுங்கள்.

காசில்லாத உதவிதான் பெரும்பாலும் காரியம் சாதிக்கிறது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை மனுக்களுக்கு இ-சேவை மையத்துக்குக் கூடப் போவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று வாங்க கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டர் என்று காட்டுவது. ஐகிரவுண்டில் நோயாளியைவிட உடன் இருப்பவர்தான் அதிகம் தவிக்கிறார். அவரை இரண்டு மணி நேரம் தூங்க விட்டு நீங்கள் உட்காருங்கள். வார்டுக்குள் சத்தமாக ஜெபிப்பதும் படுக்கை படுக்கையாகப் பிரதி கொடுப்பதும் கூடாது. ரத்தம் கேட்டால் கொடுங்கள்: 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை.

சாக வேண்டும் என்று யாராவது பேசினால் ஜெபித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆள் துணைக்கு இருக்கட்டும், 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆம்புலன்ஸுக்கு 108.

துக்க வீட்டுக்கு எல்லாரும் முதல் நாள் போகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். பதினேழாம் நாள் போங்கள். அன்றைக்குப் பேச ஆள் இருக்காது, அந்த அம்மாள் பேசுவார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஞானஸ்நானம் கேட்டால்

உங்கள் வேலை குருவானவரிடம் அழைத்துப் போவதோடு முடிகிறது. அவசரப்படுத்தாதீர்கள், எண்ணிக்கை சொல்லாதீர்கள். வீட்டில் எதிர்ப்பு வந்தால் அவர் எங்கே இருப்பார், யார் சோறு போடுவார் என்பதை முன்பே யோசிக்க வேண்டும். முன்னோர்கள் அதை யோசித்தார்கள்: ரேனியஸ் என்ற மிஷனெரியின் காலத்தில், 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், துரத்தப்பட்டவர்கள் குடியிருக்க நிலம் வாங்கியது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. அட்டவணைச் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பிள்ளையின் கல்வி உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு, உள்ளாட்சித் தனித் தொகுதி எல்லாம் இதில் அடங்கும். இதை மறைத்து ஞானஸ்நானம் வரை கொண்டுபோவது ஏமாற்று வேலை. பேப்பரில் எழுதிக் காட்டுங்கள், வீட்டாரோடு பேச ஒரு மாதம் கொடுங்கள். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாலும், அடுத்த வாரம் அதே நாளில் அதே வாசலுக்குப் போங்கள்.